மோபியஸ் சின்ட்ரோம் உள்ள 5 வயதுக் குழந்தைக்குப் பல் சிகிச்சை: சேரிலேயே செய்யலாமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?

தென்காசி_பிடிஎஸ்

வணக்கம். ஒரே ஒரு சேர் உள்ள சின்ன கிளினிக். 5 வயதுப் பெண் குழந்தை, எடை 15 கிலோ. மோபியஸ் சின்ட்ரோம் (முகத்தையும் கண்ணையும் அசைக்கும் நரம்புகள் பிறவியிலேயே வேலை செய்யாத குறைபாடு) என்று குழந்தை நரம்பியல் துறையில் உறுதி செய்த சீட்டோடு அழைத்து வந்திருக்கிறார்கள். முகத்தின் இரண்டு பக்கமும் அசைவு இல்லை. கண் பக்கவாட்டில் திரும்பாது, இமையும் முழுக்க மூடாது. உதடு எப்போதும் திறந்தே இருக்கிறது, எச்சில் வடிகிறது. வாய் திறப்பு முன்பற்களுக்கு நடுவில் அளந்தால் 24 மி.மீ. தான். கீழ்த்தாடை சிறியது, அண்ணம் குறுகி உயர்ந்திருக்கிறது.

பற்களைப் பொறுத்தவரை, மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறோரம் வெள்ளைக் கோடு (சொத்தையின் தொடக்கம்). 75, 85 (கீழே இடது, வலது கடைசிப் பால் கடைவாய்ப் பற்கள்) இரண்டிலும் குழி விழுந்த சொத்தை. வலி இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார் அம்மா. குழந்தைக்குக் கொப்பளிக்கவோ துப்பவோ வராது, அதனால் பேஸ்ட்டே போடாமல் வெறும் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள்.

கேட்க வேண்டியது நான்கு: சேரில் வைத்தே செய்யலாமா, முழு மயக்கத்துக்கு அனுப்பணுமா? சேரில் என்றால் எப்படி உட்கார வைப்பது? ஃபுளோரைடு எந்த வடிவில் கொடுப்பது? வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

---

குட்டிப்பல்_மதுரை (குழந்தைப் பல் மருத்துவம்)

டாக்டர், முதலில் அந்த "வலி இல்லை"யை நம்பிவிடாதீர்கள். 1888-ல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் பால் மோபியஸ் விவரித்த இந்தக் குறைபாட்டில் அடிபடுவது முக்கியமாக ஆறாவது, ஏழாவது மூளை நரம்புகள். ஐந்தாவது நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பல்லில் உணர்ச்சி, மெல்லும் தசையின் வலு இரண்டும் அந்த ஐந்தாவது நரம்பின் வேலை. ஆகவே வலி முழுசாகத் தெரியும், முகத்தில்தான் காட்ட முடியாது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறாளா, குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்கிறாளா, இரவில் எழுந்து உட்காருகிறாளா என்று கேளுங்கள். 75, 85-க்குக் கீழே ஈறில் சீழ்க் கொப்புளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சைஸ் 0 ஃபிலிமில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சொத்தைக்கும் கூழுக்கும் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பகுதி) நடுவில் டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள கெட்டியான அடுக்கு) தெரிகிறதா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

அடுத்து விழுங்கும் திறன். சேரா ஆஸ்பத்திரியா என்பதை வாய் திறப்பை விட இதுதான் தீர்மானிக்கும். சில குழந்தைகளுக்கு ஒன்பது, பத்து, பன்னிரண்டாவது நரம்புகளும் சேர்ந்து பலவீனமாக இருக்கும். நாக்கை நீட்டச் சொல்லுங்கள்: சிறுத்திருக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, உதட்டைத் தாண்டி வருகிறதா? ஒரு டீஸ்பூன் தண்ணீர் குடிக்கவைத்து அருகிலேயே நின்று கேளுங்கள். இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, மூக்கு வழியே வந்தாலோ தண்ணீர் ஸ்ப்ரே போட்டு ஏர்ரோட்டர் (பல் குடையும் கருவி) ஓட்டும் எந்த வேலையையும் கிளினிக்கில் செய்யாதீர்கள். அடிக்கடி நிமோனியா வந்த வரலாறு இருந்தாலும் அப்படியே.

தண்ணீரைச் சரியாக விழுங்குகிறாள், எக்ஸ்ரேயில் கூழ் பாதிக்கப்படவில்லை என்றால் இந்தக் குழந்தைக்கு முழு மயக்கம் தேவையில்லை. நான் போகும் வழி இது.

75, 85-க்கு ஹால் முறை. குடைய வேண்டாம், ஊசி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சொத்தையின் மேல் மிச்சமுள்ள உணவை மட்டும் துடைத்துவிட்டு ஸ்டீல் கிரவுனில் (பல்லின் மேல் மாட்டும் உறை) கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பி அமர்த்திவிடலாம். மெல்லும் தசை வேலை செய்வதால், பஞ்சு ரோலைக் கடிக்கச் சொன்னால் குழந்தையே கிரவுனை இறக்கிவிடும். 2-3 நிமிடம் கடித்தபடி இருக்கட்டும். 5 வயதில் ஆறாம் வயதுக் கடைவாய்ப் பல் இன்னும் முளைத்திருக்காது, ஆகவே முன்னால் உள்ள 74, 84 பக்கம் மட்டும்தான் இடைவெளி பார்க்க வேண்டும். அங்கே ஏற்கெனவே இடம் இருந்தால், பல் நடுவே இடம் உண்டாக்கும் செப்பரேட்டர் ரப்பர் வேண்டாம். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் 3 முதல் 5 நாள். நீல நிறமோ பச்சையோ போடுங்கள், கழன்று விழுந்தால் அம்மா கண்ணில் படணும்.

இதில் இரண்டு இடத்தில் கோளாறு வரும். ஒன்று, கிரவுன் நழுவித் தொண்டைக்குப் போவது. நாக்கு பலவீனமான குழந்தை தானாக அதை முன்னுக்குத் தள்ளாது. கிரவுனின் மேல்பகுதியில் ஒரு துண்டு எலாஸ்டிக் பிளாஸ்டரை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அளவு பாருங்கள், நாக்குக்குப் பின்னால் பிரித்த காஸ் துணி ஒன்று இருக்கட்டும். இரண்டு, இடம். 24 மி.மீ. என்பது முன்னால், கடைவாய்ப் பக்கம் இன்னும் குறைவு. கிரவுனை முன்னாலிருந்து கொண்டுபோனால் விரலும் கிரவுனும் சேர்ந்து நுழையாது. கன்னத் தசை தளர்ந்திருப்பது இங்கே நமக்கு வசதி: கன்னத்தை நன்றாக ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய் அமர்த்தலாம். அளவு 4-லிருந்து தொடங்கிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் செய்யவேண்டாம். கிரவுன் போட்டதும் கடி கொஞ்சம் உயரும், முன்பற்கள் நடுவே இடைவெளி கூடினதுபோல் தெரியும், சில வாரங்களில் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

கிரவுன் நுழையவே இல்லை என்றால் 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு. ஒரு சொட்டு ஐந்து பல் வரை போதும். பல்லைக் காயவைத்து மைக்ரோ பிரஷ்ஷால் ஒரு நிமிடம் தடவி, மிச்சத்தைக் காஸில் ஒற்றி எடுங்கள். 6 மாதத்தில் மறுபடி. சொத்தை கறுத்துவிடும் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உதட்டை மூட முடியாத குழந்தைக்கு எச்சிலோடு சேர்ந்து மோவாய் வரை வழிந்து தோலும் கறுக்கும், சில நாள் போகாது. உதடு, மோவாய், கழுத்து வரை வாஸலின் தடவி, துணி கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உட்காரும் நிலை: சேரை முழுக்கச் சாய்க்காதீர்கள், 45 டிகிரி போதும். தலை லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், எச்சில் தேங்கும் அந்தப் பக்கக் கன்னத்தில் சாதாரண சக்ஷன் (எச்சில் உறிஞ்சும் குழாய்) நிரந்தரமாக இருக்கட்டும், பெரிய சக்ஷனை உதவியாளர் பிடிக்கட்டும். 20-30 விநாடிக்கு ஒருமுறை கையை எடுங்கள், விழுங்க நேரம் கொடுங்கள். மவுத் பிராப் (வாயைத் திறந்து வைக்கும் கட்டை) போட்டால் மிகச் சின்னது, அதில் ஃபிளாஸ் கட்டி வெளியே விட்டு. 24 மி.மீ.க்கு மேல் திறக்க வற்புறுத்த வேண்டாம்.

கண்ணைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இந்தக் குழந்தைக்குக் கண்ணில் தூசி விழுந்தால் எரியும், ஆனால் இமைக்க முடியாது. எட்ச் ஜெல் (பல்லில் தடவும் அமிலம்) ஒரு துளி தெறித்தாலும் கருவிழியிலேயே நிற்கும். வேலை தொடங்கும் முன் அம்மா வழக்கமாகப் போடும் கண் ஜெல்லை ஒருமுறை போடச் சொல்லுங்கள், பிறகு பக்கவாட்டு மூடியுள்ள கண்ணாடி. மேலே உள்ள விளக்கு கண்ணில் நேராக விழக்கூடாது. டேப் ஒட்டி இமையை மூடுவது முழு மயக்கத்தில் சரி, விழித்திருக்கும் குழந்தைக்கு வேண்டாம், இரண்டு கண்ணையும் மூடினால் பயந்துவிடும். கண் பக்கவாட்டில் திரும்பாததால் 9 மணி, 11 மணி நிலையில் (அவள் தலை 12 மணி என்று வைத்துக்கொண்டால்) நிற்கும் உங்களை அவள் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கருவியையும் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு அப்புறம் வாய்க்குள் கொண்டுபோங்கள்.

ஃபுளோரைடு: டிரேயில் வைக்கும் ஏபிஎஃப் (அமிலம் கலந்த ஃபுளோரைடு) ஜெல் கூடவே கூடாது. துப்ப முடியாத குழந்தை அதை விழுங்கும். வார்னிஷ் மட்டும். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, பால் பற்கள் முழுவதற்கும் 0.25 மி.லி., 3 மாதத்துக்கு ஒருமுறை. வெள்ளைக் கோட்டைக் காஸால் துடைத்து மெல்லிசாகத் தடவுங்கள். 4 மணி நேரம் கடினமான உணவு வேண்டாம், பிரஷ் மறுநாள் காலையில்.

---

மாதுளை (வீட்டில் பராமரிப்பவர்)

பேஸ்ட்டே போடாமல் தேய்ப்பதை முதலில் மாற்றச் சொல்லுங்கள் டாக்டர். துப்ப வராத குழந்தைக்கும் பேஸ்ட் போடலாம், அளவுதான் முக்கியம். 1000 பிபிஎம் பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு 1 மி.கி. ஃபுளோரைடு. அரிசி அளவு என்றால் ஏறத்தாழ 0.1 கிராம், அதாவது 0.1 மி.கி. இரண்டு வேளையும் முழுசாக விழுங்கினாலும் 0.2 மி.கி.தான். பட்டாணி அளவு என்பது துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு. நுரை அதிகம் வராத பேஸ்ட்டாக, சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். நுரை பொங்கினால் குழந்தைக்குப் புரையேறும், அதற்குப் பயந்துதான் நிறைய வீடுகளில் பேஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைகள் பேஸ்ட் என்று விற்பதில் சிலவற்றில் ஃபுளோரைடு பாதிதான் இருக்கும், டியூபின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

தேய்ப்பதற்கு முன்னால் துடைப்பது. நமக்குச் சாப்பிட்டு முடித்ததும் கன்னமும் உதடும் நாக்கும் சேர்ந்து மிச்சத்தை வழித்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு அது நடக்காது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மத்தியானம் சாப்பிட்ட சோறு சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். காஸ் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்துகொள்ளுங்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய் அங்கிருந்து முன்னுக்கு ஒரே இழுப்பு. மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது, ஒவ்வொன்றுக்கும் துணியின் புதுப் பக்கம். கடைசியில் அண்ணம். உயர்ந்து குறுகிய அண்ணத்தில் இட்லி, பிரெட், வாழைப்பழம், பாலில் ஊறின பிஸ்கட் எல்லாம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு இதைச் செய்யவேண்டும், பள்ளியில் மத்தியானம் செய்ய ஆயாவுக்கோ டீச்சருக்கோ சொல்லிக் கொடுக்கவேண்டும்.

மேல் முன்பற்களில் வெள்ளைக் கோடு வருவதற்குக் காரணம் உதடு மூடாமல் அந்த இடம் காய்ந்துபோவது. எச்சில் கீழே வடிகிறது, மேல் பல்லுக்குப் போய்ச் சேருவதில்லை. காய்ந்த அழுக்கு பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், பிரஷ்ஷால் நேரடியாகத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும், ஈறுதான் புண்ணாகும். ஈரத் துணியை அந்த நாலு பல்லின் மேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டு, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிறகு தேய்த்தால் சுத்தமாக வந்துவிடும்.

படுக்கவைத்துத் தேய்க்க வேண்டாம். குழந்தையை முக்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டு, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். மோவாய் லேசாக உள்வாங்கி இருக்கவேண்டும், அண்ணாந்தால் எச்சில் பின்னால் இறங்கிப் புரையேறும். தேய்த்து முடித்ததும் கொப்பளிக்க வைக்காமல் காய்ந்த காஸால் நுரையை மட்டும் ஒற்றி எடுங்கள், மிச்சமுள்ள ஃபுளோரைடு பல்லில் இருக்கட்டும். இரவுப் பிரஷ்ஷுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சிரப் மருந்து ஏதாவது ராத்திரி கொடுப்பதாக இருந்தால் பிரஷ்ஷுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். உதட்டோரம் வெடிக்காமல் இருக்கப் படுக்கும்போது வாஸலின்.

வாந்தி, எதுக்களிப்பு உள்ள பிள்ளை என்றால் வந்த உடனே தேய்க்கக்கூடாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கவேண்டும், அமிலம் பட்டு இளகிய எனாமல் அதற்குள் தேய்த்தால் கரைந்துபோகும்.

---

குட்டிப்பல்_மதுரை

மாதுளை மேடம் எழுதியதோடு இரண்டு சேர்க்கிறேன். வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரே குடிக்கும் குடும்பம் என்றால் முதலில் நீரைப் பரிசோதித்துவிட்டுத்தான் பேஸ்ட் விழுங்குவதைப் பற்றிப் பேசணும். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருந்தால் குடிநீரை மாற்றுவதுதான் முதல் வேலை. வார்னிஷ்ஷை அதற்காக நிறுத்த வேண்டாம்.

எச்சில் வடிவதைக் குறைக்க கிளைக்கோபைரோலேட் மாதிரி மருந்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பழைய சீட்டுகளைப் பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் போடாக்ஸ் போட்டிருந்தாலும் இதே கதைதான். மோவாய் காய்ந்துவிடும், பெற்றோருக்கு நிம்மதி, ஆனால் பல்லுக்குப் பாதுகாப்பே அந்த எச்சில். மருந்து தொடங்கின குழந்தையை மாதம் ஒருமுறை பாருங்கள்.

---

மயக்கவியல்_கோவை

சேரில் முடியாத நிலை வந்தால் அனுப்பும் கடிதத்தில் என்ன எழுதவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு வளைபாதத்துக்கோ மாறுகண்ணுக்கோ ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் வாங்காமல் மயக்கக் குறிப்பேட்டின் நகலையும் வாங்கி வரச் சொல்லுங்கள். மூச்சுக்காகத் தொண்டை வழியே போடும் குழாய் எந்த முயற்சியில் போனது, எந்தக் கருவியில் போனது, எடுத்த பிறகு மூச்சு எப்படி இருந்தது என்று அதில் இருக்கும். சின்னத் தாடை, 24 மி.மீ. திறப்பு என்றால் குழாய் போடுவது கடினம் என்று எடுத்துக்கொண்டே தயாராவோம், ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ளே பார்த்தபடி குழாய் போட உதவும் வளையும் கருவி) கைவசம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கடிதத்தில் வாய் திறப்பு, அண்ணப் பிளவு இருந்ததா, குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று வருகிறதா, கடைசியாகச் சளி எப்போது, இதயத்துக்கு எக்கோ எடுத்தார்களா என்பதெல்லாம் இருக்கவேண்டும்.

கிளினிக்கில் வாய்வழி மிடசோலம் கொடுத்து "கொஞ்சம் தூங்கவைத்துச் செய்துவிடலாம்" என்று தயவுசெய்து முயற்சிக்காதீர்கள். தொண்டைத் தசை பலவீனமான குழந்தைக்கு அந்தக் கொஞ்சத் தூக்கமே மூச்சுப் பாதையை அடைக்கும், எச்சிலும் உள்ளே இறங்கும். பயத்தைக் குறைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு மூக்கு மாஸ்க்கும் பெரிய பலன் தராது, வாய் திறந்தே இருப்பதால் பாதிக்கு மேல் வெளிக்காற்றுதான் போகும்.

மயக்கத்தில் உடன் நிற்கும் ஜூனியர்களுக்கு ஒன்று. மருந்தால் வந்த தசைத் தளர்வு எந்த அளவு என்று பார்க்க முகத்தில் எலக்ட்ரோடு ஒட்டிப் பயனில்லை, ஏழாவது நரம்பே வேலை செய்யாத முகத்தில் எந்தத் துடிப்பும் வராது. இன்னும் தசை தளர்ந்தே இருக்கிறது என்று தப்பாக நினைக்கத் தோன்றும். மணிக்கட்டில் அல்னார் நரம்பில் வைத்துக் கட்டைவிரலைப் பாருங்கள். விழிப்பு வந்ததா என்பதையும் புருவம், இமை பார்த்து முடிவு செய்யமுடியாது. கை கால் அசைவு, சொன்னால் கையைப் பிடிக்கிறாளா என்பதை வைத்து, நன்றாக விழித்த பிறகே குழாயை எடுக்கவேண்டும், பக்கவாட்டில் படுக்கவைத்து. தொண்டையில் வைத்த துணியை எண்ணிப் போர்டில் எழுதி, எடுத்ததும் அழிக்கவேண்டும். அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கவேண்டும், காலையில் வந்து மாலையில் போகும் கேஸ் அல்ல.

வெறும் வயிறு: திட உணவும் பாலும் 6 மணி நேரம், தெளிந்த நீர் 2 மணி நேரம். சாப்பிடவே அரைமணி ஒருமணி ஆகும் குழந்தை என்பதால் கடைசிச் சாப்பாட்டை எப்போது தொடங்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு அம்மாவிடம் நேரத்தை எழுதிக் கொடுங்கள். வாயில் ஒதுங்கிக் கிடக்கும் சோறும் கணக்கில் வரும், முடிந்ததும் துடைத்துவிடவேண்டும்.

மயக்கம் கொடுப்பது என்று முடிவானால் ஒரே அமர்வில் எல்லாப் பல்லையும் முடித்துவிடுங்கள். கூழ் சந்தேகமாக இருக்கும் பால் பல்லை "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்தால் இன்னொரு முறை இதே ஆபத்து.

---

பேச்சுப்பயிற்சி_திருச்சி

ப, ம, வ எல்லாம் உதடு சேர்ந்தோ நெருங்கியோ பிறக்கும் ஒலிகள், இவர்களுக்கு நாக்கால் ஈடுகட்டித்தான் பேச வரும். வேலைக்கு முன் அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு உங்கள் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். முகம் அசையாததால் புத்தி குறைவு என்று உதவியாளர்கள் நினைத்து அம்மாவிடம் மட்டுமே பேசுவார்கள், குழந்தை அதைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். பெரும்பாலானவர்களுக்கு அறிவுத்திறனில் குறை கிடையாது. அவளிடமே பேசுங்கள்.

வாயில் கை வைத்த பிறகு பேச வழியில்லை. இடது கை தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று சொல்லி, வலியே இல்லாத நேரத்தில் இரண்டு முறை தூக்கவைத்து, நிஜமாகவே நிறுத்திக் காட்டுங்கள். குழந்தையின் நடத்தையைப் பார்த்து மதிப்பெண் போடும் ஃபிளாக் வலி அளவுகோலில் முகத்துக்கும் மதிப்பெண் உண்டு, இவளுக்கு அது எப்போதும் பூஜ்யம்தான், மொத்தக் கூட்டல் குறைத்துக் காட்டும். முகப் படங்கள் வரைந்த அட்டையைக் காட்டி எந்த முகம் என்று விரலால் தொடச் சொல்லலாம், மற்றவர் முகத்தைப் படிக்க முகம் அசையவேண்டியதில்லை. கால்விரல் மடக்குகிறாளா, மூச்சைப் பிடிக்கிறாளா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். "ஊது", "கன்னத்தை உப்பு", "ஈ காட்டு" என்று சொல்லவே வேண்டாம்.

---

தென்காசி_பிடிஎஸ்

எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், இருமல் இல்லை, குரலும் மாறவில்லை. எக்ஸ்ரேயில் 75-ல் டென்டின் நன்றாக இருக்கிறது, 85-ல் மெல்லிசுதான். இன்னும் மூன்று சந்தேகம். 85-க்குக் கூழ் சிகிச்சை வேண்டியிருந்தால் ஊசி, ரப்பர் டேம் (சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே காட்டும் ரப்பர் தாள்) எப்படி? நிரந்தரப் பல் இல்லாமல் போகுமாமே, ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) எப்போது? அப்பா "சிரிப்பு ஆபரேஷன்" பற்றிக் கேட்கிறார், அதற்கும் பல்லுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

---

குட்டிப்பல்_மதுரை

85-ல் ராத்திரி வலியோ கொப்புளமோ இல்லை, மெல்லிசாகவாவது டென்டின் தெரிகிறது என்றால் அங்கேயும் ஹால் கிரவுன் முயற்சிக்கலாம், 3 மாதத்தில் எக்ஸ்ரே. கூழ் திறந்துதான் ஆகவேண்டும் என்றால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி 2 சதவீதம். கிலோவுக்கு 4.4 மி.கி. உச்சம், 15 கிலோவுக்கு 66 மி.கி., அதாவது 3.3 மி.லி. உங்களுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், 1.8 மி.லி.க்கு மேல் தேவைப்படாது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மரத்துப்போக வைக்காதீர்கள், நாக்கு இரண்டு பக்கமும் மரத்தால் எச்சிலைக் கையாள முடியாது. மரத்த பிறகு தளர்ந்த கன்னமும் கீழுதடும் பல்லுக்கு நடுவே போய் மாட்டும், அவளால் வெளியே இழுக்க முடியாது, கடித்துப் புண்ணாக்கிக்கொள்வாள். உணர்ச்சி திரும்பும் வரை, 2-3 மணி நேரம், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஃபிளாஸ் கட்டிய பஞ்சு ரோல், பக்கத்தில் ஆள், சாப்பாடு கிடையாது.

ரப்பர் டேமுக்கு மூக்கு திறந்திருக்கவேண்டும். உதட்டை அவளால் மூட முடியாது, நீங்கள் இரண்டு விரலால் மூடிப் பிடித்து ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் கீழே பஞ்சு இழையை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் அமைதியாக மூச்சுவிட்டால் டேம் போடலாம். டேமுக்கு அடியிலும் ஒரு சக்ஷன் வேண்டும், எச்சில் அங்கேதான் சேரும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஓபிஜி 6-7 வயதில். உதடு மூடாததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டாததும் படத்தில் தெரியும்: மேல் பற்களின் வேர் நுனிகளுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அது காற்று இடைவெளிதான், வேர் நோய் என்று படித்துவிடாதீர்கள். எடுக்கும்போது உதட்டை மைக்ரோபோர் டேப்பால் மூடிப் பிடித்தால் முன்பல் பகுதி தெளிவாக வரும்.

கிளிப் போடுவதைப் பற்றிக் கேட்டால், 7-8 வயதில் ஒருமுறை ஆர்த்தோ (பல் வரிசை சீரமைக்கும்) டாக்டரிடம் காட்டுங்கள், அவசரமில்லை. உதட்டின் அழுத்தம் இல்லாமல் முன்பற்கள் வெளியே தள்ளுவதுதான் அடிப்படை என்பதால் எவ்வளவு நன்றாக உள்ளே கொண்டுவந்தாலும் திரும்பத் தள்ளும், ரிடெய்னர் (பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் கருவி) ஆயுளுக்கும் என்று முதலிலேயே சொல்லவேண்டும். சுத்தம் கைவராத வாயில் கம்பி கட்டினால் சொத்தைதான் மிஞ்சும்.

சிரிப்பு ஆபரேஷனில் பொதுவாகத் தொடையிலிருந்து கிராசிலிஸ் தசையின் ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து, மெல்லும் தசைக்குப் போகும் நரம்போடு இணைப்பார்கள். பல்லைக் கடித்தால் வாயோரம் மேலே போகும், பயிற்சியில் சிரிப்பாகப் பழகும். பல் மருத்துவர் பங்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் உண்டு. முன்னால், சீழ் உள்ள பல் ஒன்றுகூட வாயில் இருக்கக்கூடாது. பின்னால், கன்னம் தடித்து இடுக்கு ஆழம் குறையும், உணவு தங்கும் இடம் மாறும், துடைக்கும் முறையை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். புதுத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் முகத் தமனியிலிருந்து வரும், அது கீழ்த்தாடை ஓரத்தில் மெல்லும் தசைக்கு முன்னால் ஏறுகிறது. அந்தப் பக்கக் கன்ன இடுக்கில் ஊசியோ கீறலோ அறுவை செய்தவரைக் கேட்காமல் வேண்டாம். முதல் சில மாதம் வாயோரத்தைப் பல் பார்க்கும் கண்ணாடியால் இழுத்துப் பிடிக்கவும் கூடாது.

---

மாதுளை

அடிபடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உதடு மறைக்காமல் முன்பல் துருத்திக்கொண்டிருக்கும், கண் பக்கவாட்டில் திரும்பாது, சில பிள்ளைகளுக்குக் காலும் வளைந்திருக்கும். விழுந்தால் முதலில் படுவது முன்பல். பால் பல் பிடுங்கிக்கொண்டு வந்தால் திருப்பிச் செருகக்கூடாது. நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் சில விநாடி கழுவி, முடிந்தால் குழியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம். பொதுவாகச் சொல்வதுபோல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வா என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள், கன்னம் பிடித்து நிறுத்தாது, தொண்டைக்குப் போய்விடும். பள்ளி முதலுதவிப் பெட்டியின் மூடியில் இதை எழுதி ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.